அக்கரை தெரிகிற தண்ணீர்

வால்டர் லீவில் வந்தால் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு அப்படி இருப்பது லேசான காரியமில்லை. தெருவின் கிழக்கு முனையில் ரோட்டைத் தாண்டினால் கடல். சாயங்காலமானால் தெருவே காற்று வாங்க அங்கே போய்விடும். வால்டர் மட்டும் வீட்டு வாசலில் கடலுக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டு பீடி பிடித்துக்கொண்டிருப்பான். வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பல்களில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை அவனுக்கு. ஏறினால் பத்து மாதம், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேல். கடல் என் ஆபீசு, லீவு நாளில் எவனாவது ஆபீசு வாசலில் போய் உட்காருவானா என்று கேட்பான்.

அறுபத்தொன்றில், ஈஸ்டர் கழிந்த கையோடு அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஃப்ளோரா. அப்பா ரயில்வேயில் கொடி காட்டுகிறவர். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிகள் இடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கிக் கட்டுகிற வேலை. கப்பல்காரன் மாப்பிள்ளை என்றதும் கூட வேலை பார்த்த பெண்கள் அவளைச் சீண்டினார்கள். சென்ட்டு வரும், சில்க்கு வரும், தினம் ஒரு சினிமா என்றார்கள். சென்ட்டு வந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் வாயைத் திறப்பதாக இல்லை. சாப்பிட்டீர்களா என்றால் தலையாட்டுவான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் கையைக் குறுக்கே வைப்பான். இரண்டு வாரம் போனதும் ஃப்ளோரா பயந்தே போனாள். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று மாமியாரிடம் கேட்டாள். மாமியார் சிலுவையம்மாள், அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான், பசித்தால்கூட அழமாட்டான் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து வந்ததும் அவன் கட்டுச்சோறு கட்டச் சொன்னான். எங்கே என்று சொல்லவில்லை. ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பஸ். இறங்கினால் பூண்டி நீர்த்தேக்கம். ஃப்ளோரா அதற்கு முன் அத்தனை தண்ணீர் சும்மா கிடந்து பார்த்ததில்லை. ராயபுரத்துத் தண்ணீர் எந்நேரமும் கத்திக்கொண்டு, மண்ணை இழுத்துக்கொண்டு, எண்ணெய் மிதந்துகொண்டு இருக்கும். இது ஒன்றும் செய்யாமல் வெயிலில் கிடந்தது. கொக்கு ஒன்று அதன் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்றது. ஒரு வேப்பமரத்தடியில் பாயை விரித்தார்கள். வால்டர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, கொஞ்ச தூரம் நீந்தி, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. ஏதோ மரக்கட்டை மிதக்கிற மாதிரி. ஃப்ளோரா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூச்சு விடுகிறானா என்று அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையேறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அவன் பேச ஆரம்பித்தான்.

"கப்பல்ல சுத்திலும் தண்ணிதான்மே. ஆனா ஒரு விரல முக்க முடியாது. ஒரு வாய் குடிக்க முடியாது. எங்க முடியுதுன்னும் தெரியாது. இத்தப் பாரு. அக்கரை கீது. அங்க ஒருத்தன் ஆடு மேச்சிகினு இருக்கிறதுகூட தெரியுது. தண்ணின்னா இப்டி இருக்கணும்."

அன்றைக்கு அவன் பேசியதை ஃப்ளோரா தன் ஆயுசுக்கும் மறக்கவில்லை. இன்ஜின் ரூமின் சூடு, மோம்பாசாவில் பார்த்த மாம்பழம், ஒரு துறைமுகத்தில் கூடவே வந்து கப்பல் படியேற மறுத்துத் திரும்பிப்போன நாய், சின்ன வயசில் அப்பா செத்த அன்று தான் ஒளிந்துகொண்ட இடம் என்று ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தான். புளிச்சோறும் வறுத்த கருவாடும் தீர்ந்தும் பேச்சுத் தீரவில்லை. கடைசி பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தனக்குப் புருஷன் என்று ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் ராயபுரத்தில் இல்லை, ஏரிக்கரையில் இருக்கிறான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவும் அப்படித்தான் கழிந்தது. பாரிமுனையிலிருந்து பஸ் பிடித்து செங்குன்றம் போய், புழல் ஏரிக் கரைமேல் வெயில் தாழும் வரை நடப்பார்கள். சோழவரத்தில் மழை பிடித்துக்கொண்டு ஒரு மதகு மேடைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளையில்லாத குறை அவர்களுக்கு இருந்தது. சிலுவையம்மாள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். அதைப்பற்றிக்கூட வால்டர் அவளிடம் பேசியது செம்பரம்பாக்கத்துக் கரையில் வைத்துத்தான். மற்ற மாதங்களில் ஃப்ளோரா கம்பெனிக்குப் போனாள், வந்தாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தாள். தெருவில் மழை பெய்து தண்ணீர் தேங்கினால் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கப்பல்காரன் பெண்டாட்டி கடலைப் பார்த்து ஏங்குவாள் என்று நினைத்தார்கள். அவள் கடல் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

அறுபத்தேழு ஜனவரியில் அவர்கள் பழவேற்காடு போனார்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள். திருவிழாக் கூட்டம் வடிந்து கரும்புச் சக்கை மட்டும் கரையெல்லாம் கிடந்தது. ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து, நடுவில் ஒரு வெளுத்த ரோஜா நிறத் திட்டு தெரிந்தது. அது அசைந்தபோதுதான் பறவைக் கூட்டம் என்று விளங்கியது. படகில் அதன் பக்கம் வரை போய் அக்கரையில் இறங்கிவிட்டு வரலாம் என்று வால்டர் ஆசைப்பட்டான். மஜீது என்கிற படகுக்காரர் பாயை விரித்துப் பார்த்துவிட்டு, காத்து சரியில்லை நைனா, கொஞ்சம் குந்துங்க, மாறட்டும் என்றார். அவர்கள் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தார்கள். காற்று மாறவில்லை. பொழுது சாய்ந்ததும் வால்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். அடுத்த லீவுக்குப் போகலாம் என்றான். பிப்ரவரியில் அவன் பம்பாய் போய்க் கப்பல் ஏறினான்.

ஜூன் மாதம் எங்கேயோ சண்டை என்று டீக்கடை ரேடியோ சொன்னது. ஃப்ளோரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு, சூயஸ் கால்வாயை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள், அதற்குள் போன கப்பல்கள் மாட்டிக்கொண்டன என்று தெருவில் பேச்சு வந்தது. வால்டரின் கப்பல் லண்டன் திரும்புகிற வழி அதுதான். மாமியாரும் மருமகளும் துறைமுகத்துக்கு எதிரே பீச் லைனில் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்று முதலில் சொன்னார். கால்வாயின் நடுவே ஒரு பெரிய ஏரி இருக்கிறது, கசப்பு ஏரி என்று பெயர், கப்பல் அதில் பத்திரமாக நங்கூரம் போட்டு நிற்கிறது, வழி திறந்ததும் வந்துவிடும் என்றார்.

சிலுவையம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. மீன் கூடை சுமந்து, கட்டுமரமும் தோணியும் பார்த்துக் கிழவியானவள் அவள். ஏரியில் கப்பல் நிற்கிறது என்றால் அவளை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பட்டது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஃப்ளோராவுக்கு வந்தது வேறொன்று. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. உலகத்தில் அத்தனை இடம் இருக்க, வால்டர் ஒரு ஏரியில் மாட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிழவி தானாகவே வந்து நின்றாள்.

"அவன் உன்னிய இட்டுகினு போவானே, அந்த ஏரிங்கள்ல பெருசு எது? என்னிய அங்க இட்டுகினு போ."

ஃப்ளோரா அவளைப் புழலுக்கு அழைத்துப்போனாள். பழவேற்காடும் பூண்டியும் இன்னும் பெரிசுதான், ஆனால் கிழவியின் முழங்கால் அவ்வளவு தூரம் தாங்காது. கரைமேல் ஏறியதும் சிலுவையம்மாள் முந்தானையை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு நடுத்தண்ணீரைக் காட்டி, அந்த இடத்தில் நிற்குமா என்று கேட்டாள். நிற்கும் என்றாள் ஃப்ளோரா. பக்கத்தில் வேறு கப்பல்களும் உண்டா என்றாள். உண்டு, பல தேசத்துக் கப்பல்கள் என்று குமாஸ்தா சொன்னாரே என்றாள். அங்கிருந்து கரைக்கு வர ஒரு தோணி போதாதா என்றாள் கிழவி. ஃப்ளோரா பொட்டலத்தைப் பிரித்தாள். இருவரும் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைத் தின்றார்கள். இல்லாத கப்பலை ஏரி நடுவில் வைத்து, அதன் ஓரத்தில் வால்டரை நிறுத்தி, அவன் தங்களைப் பார்ப்பதுபோல ஃப்ளோரா நினைத்துக்கொண்டாள். கிழவியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். புறப்படும்போது ஏரியைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்குச் சற்று முன் தவசிமுத்து வந்தார். காசிமேட்டுக்காரர், அதே கப்பலில் பண்டாரி, சமையல் வேலை. அந்தக் கப்பலில் இருந்தவர்களை இறக்கிக் கரைவழியாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டிருந்ததால் சிலுவையம்மாள் மகன் வருவான் என்று வஞ்சிரம் மீன் வாங்கி வைத்திருந்தாள். தவசிமுத்து தனியாக வந்து வாசலில் நின்றார். ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதையைச் சொன்னார். ஏரி பெரிசு. கரையில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. காற்றடித்தால் மணல் வந்து கப்பலையே மஞ்சளாக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் கப்பல்காரர்களும் உயிர்ப்படகுகளை இறக்கிப் பந்தயம் விடுவார்கள். அகலமான கப்பல் ஒன்றின் மேல்தட்டில் பந்து விளையாடுவார்கள். தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, நீச்சல் தெரியாதவன்கூட மிதப்பான். வால்டர் பொழுதன்றைக்கும் தண்ணீரில்தான் கிடப்பான்.

அப்புறம் ஏன் வரவில்லை என்று ஃப்ளோரா கேட்டாள்.

தவசிமுத்து செருப்பைப் பார்த்தார். "கப்பலப் பாத்துக்க நாலஞ்சி பேரு வேணும், யாரு இருக்கீங்கன்னு கேப்டன் கேட்டாரும்மா. அவன் கையத் தூக்கிட்டான்."

சிலுவையம்மாள் உள்ளே போய் மீனைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். ஃப்ளோரா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, தவசிமுத்து போன பிறகும் வாசற்படியிலேயே இருந்தாள். சண்டையில் மாட்டியவன், அடைபட்டவன் என்று அத்தனை மாதமும் அவனுக்காக ஜெபம் செய்திருந்தாள். கதவைத் திறந்துவிட்டார்கள், அவன் உள்ளேயே இருந்துகொண்டான். இன்னொருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தால் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருப்பாள். ஒரு ஏரியோடு எப்படிப் போய்ச் சண்டை போடுவது?

வால்டரிடமிருந்து எப்போதாவது தபால் வரும். நலம், நலமறிய ஆவல், அம்மாவைப் பார்த்துக்கொள். எழுத்திலும் அவன் பேசத் தெரியாதவன்.

தீப்பெட்டிக் கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவள் கன்னியம்மா. கத்திவாக்கத்துக்காரி. எண்ணூர் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிப் பிடித்து வளர்ந்தவள். புருஷன் அல்பாயுசில் போய்விட்டதால் வேலைக்கு வந்தவள். ஃப்ளோரா வேலையில் தப்பும் தவறுமாகச் செய்துகொண்டிருப்பதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, இன்னா பேஜாரு உனக்கு என்று கேட்டாள். ஃப்ளோரா எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அப்ப வர்ற ஞாயித்துக்கிழம நாம ரெண்டு பேரும் போவோம் என்றாள். ஆம்பிளை இல்லாமலா என்று ஃப்ளோரா இழுத்தாள். தண்ணி இன்னா கல்யாண பத்திரிகையா கேக்கப் போவுது என்றாள் கன்னியம்மா.

அறுபத்தெட்டு முழுவதும் இரண்டு பெண்களும் ஏரி ஏரியாகப் போனார்கள். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பழவேற்காடு. அங்கே தண்ணீர் ஆழமில்லை. கரையோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்கினார்கள். ஃப்ளோராவுக்குக் கணுக்கால் நனைந்ததுமே மூச்சு முட்டியது. கன்னியம்மா அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, சேலையை முழங்காலுக்கிடையில் செருகச் சொல்லி, மல்லாக்கச் சாய்த்தாள். காதுக்குள் தண்ணீர் போனதும் ஃப்ளோரா அலறிக்கொண்டு எழுந்து நின்றாள். இடுப்பளவு தண்ணீர்தான் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அப்படித்தான் ஆனது. மழைக்கு முந்தி ஒரு நாள், கன்னியம்மா கையை எப்போது எடுத்தாள் என்று தெரியாமலே ஃப்ளோரா மிதந்துகொண்டிருந்தாள். காதெல்லாம் தண்ணீர். ஊர்ச்சத்தம் ஒன்றுமில்லை. மேலே வெறும் வானம். இதுவா, இதற்காகவா என்று கேட்டுக்கொண்டாள். அவன்மேல் இருந்த கோபம் அந்த நேரத்துக்கு எங்கோ போயிருந்தது. அவன் இப்போது, இதே வெயிலில், இதே மாதிரி கிடப்பான் என்று தோன்றியது. பக்கத்தில் கையை நீட்டினால் பட்டுவிடும் போல இருந்தது. நீட்டினாள். அப்படியே முழுகித் தண்ணீர் குடித்துவிட்டாள்.

தெருவில் பேசத்தான் செய்தார்கள். புருஷன் அங்கே மாட்டிக்கொண்டு கிடக்கிறான், இவள் ஊர் சுற்றுகிறாள் என்றார்கள். சிலுவையம்மாள் குழாயடியில் வைத்து ஒருத்தியை ஒரு வாங்கு வாங்கினாள். அதற்குப்பின் வாசலில் யாரும் பேசவில்லை. கிழவி ஏரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஃப்ளோரா ஈரத்தலையோடு வீடு திரும்பும்போது, தண்ணி எப்படி இருந்துச்சி என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அறுபத்தொன்பது தவக்காலத்தில் படுக்கையில் விழுந்தவள், குருத்தோலை ஞாயிறன்று போய்ச் சேர்ந்தாள். ஏஜெண்டு ஆபீஸ் மூலம் தந்தி கொடுத்தார்கள். வால்டர் வரவில்லை. வரமுடியவில்லை என்று தகவல் வந்தது. காசிமேட்டுக் கல்லறையில் பிள்ளை இடத்தில் நின்று மண் போட்டவள் ஃப்ளோரா.

அந்த வருஷக் கடைசியில் அவன் வந்தான். கன்னம் ஒட்டி, தோல் கருத்து, தலையில் பாதி நரைத்திருந்தது. அம்மாவின் கல்லறைக்குப் போய்வந்தான். வந்து படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு வந்தது. ஃப்ளோரா கோபத்தை எல்லாம் ஓரத்தில் வைத்துவிட்டு, கட்டுச்சோறு கட்டி, பூண்டிக்குப் போகலாமா என்று கேட்டாள். அங்கே போய்விட்டால் அவன் பேசுவான், பேசிவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினாள். ஏரி என்ற பேச்சை எடுத்ததும் அவன் முகம் கோணியது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். கடலை ஏறெடுத்துப் பார்க்காதவன், அன்று பொழுது சாயும்வரை காசிமேட்டுக் கற்களின்மேல் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஃப்ளோராவும் போய் அவன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். வலை இழுக்கிறவர்களின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் நேராகவே கேட்டாள்.

"மத்தவங்கள்லாம் வந்தப்ப நீங்க இன்னாத்துக்கு வரல?"

அவன் அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யாரு இருக்கீங்கன்னாரு. கை தானா மேல போயிடுச்சி. ஏரின்னா எனக்கு இன்னான்னு உனக்குத் தெரியும். மல்லாந்துகினு கண்ண மூடினா, நீ கரையில குந்திகினு கீற மாரியே இருக்கும். கொஞ்ச நாளு அப்டியே கெடப்போம்னு நெனச்சிட்டேன். அப்பால ஏறிப் போற வழி இல்ல. காலைல அதே தண்ணி, சாயங்காலம் அதே தண்ணி. ரெண்டு பக்கமும் கரை தெரியுது, ரெண்டு பக்கமும் துப்பாக்கி வெச்சிகினு நிக்கிறான். கால் வைக்க முடியாது. அசையாத தண்ணியப் பாத்துப் பாத்து உள்ளார எல்லாம் நின்னு போச்சிமே. அம்மா செத்த சேதி வந்தப்ப அழுவகூட வரல."

ஃப்ளோரா எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"நா குந்திகினு இருந்தது இங்க. அங்க இல்ல. என்னிய இங்க வுட்டுட்டு என் நெனப்போட குடும்பம் நடத்திகினு இருந்தியா நீ?"

அவன் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அலை வந்து இரண்டு பேர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. அவள் தொடவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. இருட்டும்வரை கூடவே இருந்து, கூடவே வீட்டுக்கு வந்தாள்.

வால்டர் அதற்குப்பின் கப்பல் ஏறவில்லை. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவருகிற டக் படகில் இன்ஜின் வேலை கிடைத்தது. காலையில் போய் மாலையில் வந்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஃப்ளோராவுக்கு எல்லா நாளும் புருஷன் வீட்டில் இருந்தான். அவன் நல்லவனாகத்தான் இருந்தான். தண்ணீர் எடுத்து வைப்பான், அடுப்புக்கு விறகு பிளந்து போடுவான், அவள் கம்பெனியில் கால் கடுக்க நின்று வந்தால் வெந்நீர் போட்டுத் தருவான். பேச்சு மட்டும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவனுக்காக ஏங்குவது எப்படிப்பட்டது என்று அவள் கன்னியம்மாவிடம் சொல்லப் பார்த்தாள். சொல்ல வரவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் கன்னியம்மாவோடு ஏரிக்குப் போவதை நிறுத்தவில்லை. வால்டர் தடுக்கவும் இல்லை, வரவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிடுவான். திரும்பும் நேரத்துக்கு வந்து நிற்பான்.

எழுபத்திரண்டில் ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை கொட்டியது. கொருக்குப்பேட்டைத் தண்டவாளமெல்லாம் தண்ணீர். பூண்டியில் மதகைத் திறந்துவிட்டார்கள், பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். கன்னியம்மாவுக்குக் காய்ச்சல். ஃப்ளோரா தனியாகப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஞாயிறு காலை டிபன் காரியரை எடுத்தாள். வால்டர் வாசலில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு என்று நினைத்தாள். ஆனால் அவன் சென்ட்ரலில் இரண்டு டிக்கெட் எடுத்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயம்.

அணைமேல் ஏறும்போதே இரைச்சல் கேட்டது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம் விளிம்பு வரை நிரம்பி, மேகத்தை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. மறுபக்கம் ஒவ்வொரு மதகிலிருந்தும் அதே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்து, புகைபோலச் சாரல் கிளம்ப, கொற்றலை ஆற்றில் அடித்துப் புரண்டு ஓடியது. வால்டர் நீர்த்தேக்கத்தின் பக்கம் பார்க்கவில்லை. நேராக மறுபக்கத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். ஃப்ளோரா இந்தப் பக்கம் நின்றாள். நடுவில் ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் பலூன் விற்றான். அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பாள், கொஞ்ச நேரம் திரும்பி அவன் முதுகைப் பார்ப்பாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் திரும்பினான். சாரலில் முகமெல்லாம் நனைந்திருந்தது. அவளிடம் வந்து ஏதோ சொன்னான். இரைச்சலில் காதில் விழவில்லை. என்னவென்று கேட்டாள். அவன் அவள் காதோரம் குனிந்தான்.

"மெதக்கக் கத்துகினியாமே. பஸ் ஸ்டாண்டுல கன்னியம்மா சொல்லிச்சி. எனக்கு நீ சொல்லவே இல்ல."

நீங்கள் கேட்கவில்லையே என்றாள் அவள். அவன் தலையாட்டினான். பழவேற்காட்டில் எந்த இடம், ஆழம் எவ்வளவு, பயமாக இருந்ததா என்று ஒன்றொன்றாகக் கேட்டான். இந்தத் தடவை பேசியது அவள். முதல் நாள் காதுக்குள் தண்ணீர் போய் அலறியது, கன்னியம்மா சிரித்தது, கையை நீட்டி முழுகியது வரைக்கும் சொன்னாள். எதற்குக் கையை நீட்டினாய் என்று அவன் கேட்டான். சும்மாதான் என்றாள். அணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். அவன் பழையபடி பேசவில்லை. பூண்டியில் முதல் நாள் பேசியவன் இனி வரமாட்டான் என்று அவளுக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. ஆனாலும் சோற்றை மெல்லும்போது அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிறைந்து கிடந்த தண்ணீரின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

திருவள்ளூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி புறப்பட்டதும் வால்டர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மழைக்காலமாதலால் வழியெல்லாம் ஊருக்கொரு ஏரி நிரம்பியிருந்தது. ஒன்று பின்னால் போனால் அடுத்தது வரும். ஒவ்வொன்றிலும் சாயங்கால வெயில் செம்பு நிறத்தில் கிடந்தது. ஒரு கரையில் எருமைகள் ஏறிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் இரண்டு பெண்கள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எழுப்பிக் காட்டலாமா என்று அவள் ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். எழுப்பினால் அவன் பார்ப்பானோ, முகத்தைத் திருப்பிக்கொள்வானோ தெரியாது. தோள் வலித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்து, அவனுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.